டைகர் டாங்கி பத்தே நிமிடத்தில் படுத்துவிடுகிறதா?

கேள்வி: மகனுக்கு 1/16 அளவு (நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு) ரிமோட் டைகர் டாங்கி, அதாவது இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் டாங்கியின் பொம்மை, வாங்கித் தந்தேன். 7.2 வோல்ட், 2000 எம்.ஏ.எச். நிக்கல் பேட்டரி கூடவே வந்தது. மூன்று மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போட்டால் பறக்கும் என்கிறார்கள். போடலாமா? பாலாற்று மணலில் ஓட்டலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: 11.1 வோல்ட் வேண்டவே வேண்டாம். முழுச் சார்ஜில் அது 12.6 வோல்ட் தரும். 7.2 வோல்ட்டுக்குச் செய்த சர்க்யூட் போர்டும் மோட்டாரும் அதைத் தாங்காது. நானே ஒரு நல்ல போர்டை இப்படிப் பறிகொடுத்திருக்கிறேன். வோல்ட் கூடினால் வேகம்தான் கூடும். உங்களுக்கு வேண்டியது நேரம். அதைத் தருவது எம்.ஏ.எச்., அதாவது பேட்டரியின் கொள்ளளவு.

புது பேட்டரி வாங்குமுன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் 250 எம்.ஏ. என்று போட்டிருந்தால் உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 2000-ஐ 250-ஆல் வகுத்தால் எட்டு மணி நேரம். நிக்கல் பேட்டரியில் கொஞ்சம் சூடாக வீணாகும் என்பதால் பத்து, பதினோரு மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரத்தில் கால்வாசிக்குச் சற்று மேல்தான் ஏறியிருக்கும். காலை ஆறு மணிக்குப் போட்டால் மாலை விளையாடச் சரியாக இருக்கும். இராத்திரி போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

முழுச் சார்ஜிலும் பத்து நிமிடம்தான் என்றால், டாங்கியைக் கவிழ்த்து வைத்துச் செயினைப் பாருங்கள். சக்கரத்தில் நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கலாம். செயின் விறைப்பாக இருந்தாலும் மோட்டார் திணறும். மேல்பக்கம் லேசாகத் தொய்ந்திருக்க வேண்டும். அப்புறம், நின்ற இடத்திலேயே சுழற்றுவதுதான் பேட்டரியை அதிகம் குடிக்கும். அகலமாக வளைத்துத் திருப்பப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நேரம் போதவில்லையா? பேட்டரி அறையை அளந்துகொண்டு, அதே 7.2 வோல்ட்டில் 3000 எம்.ஏ.எச். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வாங்குங்கள். சிறுவர்கள் கையாள அதுதான் பொறுத்துப்போகும். 7.4 வோல்ட் லிப்போவும் பொருந்தும், எடையும் குறைவு. ஆனால் அதற்கென்று எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் தனி பேலன்ஸ் சார்ஜர் வேண்டும். பழைய சார்ஜரில் செருகினால் தீப்பிடிக்கும். ஒரு செல் 3.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது கத்தும் சின்ன அலாரமும் மாட்ட வேண்டும். உப்பிய லிப்போவை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். வேலூர் வெயிலில் பூட்டிய காரிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ எந்த பேட்டரியையும் விடாதீர்கள். ஓடி முடித்ததும் சூடாக இருக்கும். ஆறிய பிறகே சார்ஜரில் போடுங்கள்.

பாலாற்று மணல் ஆசையைத் தூண்டும், தெரியும். ஆனால் அந்தப் பொடிமணல் கியர்பாக்ஸுக்குள் போய் கிரீஸோடு கலந்தால் பற்களை அரைத்துத் தின்றுவிடும். மழை பெய்து இறுகிக் காய்ந்த செம்மண் தரைதான் நான் தேடிப்போகும் இடம். இல்லையென்றால் மாலையில் மொட்டைமாடி.

இன்னொன்று. 57 டன் எடையுள்ள நிஜ டைகர் சாலையிலேயே மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான் ஓடியது. 16-ஆல் வகுத்தால் இரண்டரை கிலோமீட்டர், நாம் நிதானமாக நடப்பதைவிடக் குறைவு. அந்த வேகத்தில் விட்டுப் பாருங்கள், முன்பாகம் மெல்ல எழும்பி இறங்கும் அழகே தனி. ஏழரை சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு செங்கல், நிஜ டாங்கிக்கு 1.2 மீட்டர் சுவர் மாதிரி; நேராக ஏறாது. செங்கல்லில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். குனிந்து, தரையோடு கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் மகனை.