வேவ் கோப்பை அழிக்கும் முன்

கேள்வி: என் அப்பா நாகஸ்வர வித்வான். கோயில் திருவிழாக்களில் அவர் வாசித்ததெல்லாம் கேசட்டுகளில் இருக்கிறது, சுமார் 120 மணி நேரம் வரும். தம்பி மகன் எல்லாவற்றையும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த தரத்தில், சுருக்காத வேவ் (WAV) கோப்புகளாக ஏற்றிக் கொடுத்தான். 500 ஜிபி ஹார்டு டிஸ்கில் பாதி போய்விட்டது. ஃபிளாக் (FLAC) என்ற சுருக்கிய ஒலிக்கோப்பு வடிவத்துக்கு மாற்றினால் இடம் மிச்சமாகும் என்கிறான். அப்பாவின் வாசிப்பில் ஏதாவது குறைந்துவிடுமோ என்று எனக்குப் பயம். மாற்றலாமா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாக மாற்றலாம் அம்மா. வாசிப்பில் ஓர் அணுகூடக் குறையாது. எம்.பி.3 காதுக்குத் தெரியாது என்று நினைப்பதைத் தூக்கி எறிந்துவிடும். ஃபிளாக் எதையும் எறிவதில்லை. கோப்பில் ஒலி என்பது வரிசையான எண்கள்தான். முந்தைய எண்களைப் பார்த்து அடுத்தது என்ன வரும் என்று கணித்துக்கொண்டே போகும். கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சுருக்கமாக எழுதி வைக்கும். திரும்பப் பாடவிடும்போது அதே கணிப்போடு அந்த வித்தியாசத்தைக் கூட்டினால் பழைய எண்கள் அப்படியே கிடைத்துவிடும். அப்பாவின் நீண்ட கார்வைகளும் பின்னால் ஒலிக்கும் ஒத்தும் கணிக்க எளிது, நன்றாகச் சுருங்கும். தவில் சொற்கள் திடீரென்று விழுபவை. அங்கே வித்தியாசம் பெரிதாகி அதிக இடம் பிடிக்கும்.

உங்கள் கோப்புகள் மணிக்கு ஏறக்குறைய 2 ஜிபி வீதம் மொத்தம் 250 ஜிபி இருக்கும். அது பாதியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 24 பிட்டில் ஏற்றிய கேசட்டில் மிக மெல்லிய ஒலியைக் குறிக்கும் கீழ்ப் பிட்டுகள் பெரும்பாலும் நாடாவின் 'உஸ்' சத்தம்தான். இரைச்சலைக் கணிக்க முடியாது, அதனால் சுருங்காது. மூன்றில் ஒரு பங்கு மிச்சமானாலே நல்லது.

இடத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சாதாரண வேவ் கோப்புக்குத் தான் கெட்டுப்போனது தெரியாது. நகலெடுக்கும்போது நடுவில் சில நிமிடங்கள் வெறுமையாகப் பதிந்தாலும் பெயரும் அளவும் சரியாகவே காட்டும். அப்படி ஒரு டிஸ்க் என்னிடம் வந்திருக்கிறது. ஆலாபனை நடுவில் அறுந்து நின்றதை அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்கவில்லை. கேசட்டையோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஃபிளாக் அப்படியில்லை. முழு ஒலிக்கும் எம்.டி.5 என்ற சரிபார்ப்பு எண்ணை உள்ளேயே வைத்திருக்கும், ஒவ்வொரு சிறு துண்டுக்கும் தனியாக ஒன்று உண்டு. பத்து வருஷம் கழித்துச் சோதித்தாலும் ஒரு பிட் மாறியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் வேவ் ஏற்கெனவே கெட்டிருந்தால் ஃபிளாக் அந்தக் கேட்டையும் பத்திரமாகக் காப்பாற்றும். அதனால் முதலில் ஒவ்வொரு கோப்பிலும் தொடக்கம், நடு, கடைசி என்று கொஞ்சம் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். அப்பாவின் வாசிப்பை அறிந்த காது உங்களுடையது; இந்த வேலையைத் தம்பி மகனிடம் விடவேண்டாம்.

அப்புறம் மாற்றுவது. விண்டோஸில் ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருள் போதும். மாற்றும் பகுதியில் ஒலியைத் திருத்தும் எந்த வசதியும் இயங்கக்கூடாது. பிட்டும் 24 ஆகவே இருக்கட்டும். 0 முதல் 8 வரை சுருக்க நிலை கேட்கும். பெரிய எண் என்றால் தரம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா நிலையிலும் ஒலி ஒன்றுதான், நேரமும் கோப்பின் அளவும் மட்டுமே மாறும். 5 போதும், பொறுமை இருந்தால் 8. மாற்றுவதற்காக மட்டும் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறக்காதீர்கள். வெளியே எழுதும்போது அது டிதர் என்ற மெல்லிய இரைச்சலைக் கலந்துவிடக்கூடும்.

மாற்றியதும் வேவை அழித்துவிடாதீர்கள். ஃபூபாருக்கே பைனரி கம்பேரட்டர் என்ற துணைக்கருவி உண்டு. வேவையும் ஃபிளாக்கையும் பக்கத்தில் வைத்து எண்ணுக்கு எண் ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்று சொல்லும். அது சொன்ன பிறகு ஃபிளாக்கை இன்னொரு டிஸ்கில் நகலெடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். இரண்டும் முடிந்தால்தான் வேவை அழிக்கலாம். மிச்சமாகும் இடத்தில் சினிமா ஏற்றாமல், இன்னொருவர் வீட்டுப் பதிவுக்கு நகல் வைக்கக் கொடுங்கள். உங்களுடையதை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். கேசட்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம்.

இந்த வடிவம் நாளைக்கு மறைந்துபோகுமோ என்ற கவலையும் வேண்டாம். ஜோஷ் கோல்சன் எழுதி 2001-இல் முதல் முழுப் பதிப்பாக வந்தது. எவரும் பயன்படுத்தலாம், உரிமக் கட்டணம் கிடையாது. 2024 டிசம்பரில் இணையத் தர ஆவணமாகவே வெளியாகிவிட்டது.

ராகம், கோயில், வருஷம், தவில் வாசித்தவர் பெயர் எல்லாவற்றையும் ஃபிளாக்குக்குள் தமிழிலேயே எழுதலாம். கேசட் உறையில் அப்பாவின் கையெழுத்து இருந்தால் படம் எடுத்து அதையும் உள்ளே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஃபிளாக் பாட்டுகள் என் ஐபோனின் மியூசிக் செயலியில் ஏறவில்லையே?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: அந்தச் செயலி ஃபிளாக்கைச் சேர்த்துக்கொள்ளாது. ஐஓஎஸ் 11 முதல் ஃபைல்ஸ் செயலியில் பாடும். மியூசிக்கிலேயே வேண்டுமென்றால் ஆப்பிள் லாஸ்லெஸ் வடிவத்துக்கு மாற்றுங்கள். அதுவும் எதையும் இழக்காத வடிவம்தான். பிறகு ஃபிளாக்குக்கே திரும்பினாலும் ஒலி அப்படியே இருக்கும்.

கேள்வி: என்னிடம் இருக்கும் எம்.பி.3 பாட்டுகளை ஃபிளாக் ஆக்கினால் தரம் கூடுமா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: கூடாது. கோப்பு மட்டும் சில மடங்கு பெருக்கும். எம்.பி.3-ஐ அப்படியே வைத்திருங்கள். அந்தப் பாட்டின் அசல் சிடி கிடைத்தால் அதிலிருந்து நேராக ஃபிளாக்கில் எடுங்கள்.