கூழ்ம ஊசி வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 63. சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டது. இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை) தொடங்கலாம் என்கிறார் மருத்துவர். அதன் பக்கவிளைவுகளைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மருந்தைக் கூழ்மத்தில் (ஜெல்) கலந்து கட்டியிலேயே செலுத்தும் முறை வரப்போகிறதாமே? அதுவரை பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். நுரையீரல்வரை பரவிய நோயில் சில மாதத் தாமதம்கூடப் பெரிய இழப்பாகிவிடும்.

நீங்கள் படித்த ஆராய்ச்சி உண்மையானது. அது எங்கிருந்து பிறந்தது என்று தெரிந்தால் உங்கள் அச்சமும் ஓரளவு தெளியும். இன்டர்லியூகின்-2 என்ற நோயெதிர்ப்பு மருந்துக்கு, பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்காகவே 1992-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிலருக்கு நோய் அடியோடு மறைந்து, பல ஆண்டுகள் திரும்பவே இல்லை. ஆனால் இரத்தத்தில் அந்த மருந்து வெகு விரைவில் குறைந்துவிடும். எனவே எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் ஏற்றினார்கள். நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்தது, இரத்த அழுத்தம் சரிந்தது, நுரையீரலில் நீர் கோத்தது. கட்டிக்குள் வேலை செய்ய வேண்டிய மருந்து உடல் முழுவதும் சுற்றியதால் வந்த துன்பம் அது.

அந்த மருந்தைக் கட்டியின் அருகிலேயே தங்கவைத்து, நாள்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியவிட முடியுமா என்பதுதான், உடலுக்குள் வைக்கத்தக்க பொருள்களை உருவாக்கும் உயிரிப்பொருள் ஆய்வாளர்களின் கேள்வி. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட், தானே கரையும் தையல் நூல்களில் பயன்படும் பாலிமர் வகைகள் போன்றவற்றை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அன்னியப் பொருள் நுழைந்தால் உடல் அங்கே நோயெதிர்ப்புச் செல்களை அனுப்பும். இதைத் தொல்லையாகக் கருதாமல் அழைப்பு மணியாகவே மாற்றிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை இது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் வடிவமைத்த, ஆஸ்பிரின் மாத்திரை அளவுள்ள நுண்துளை வில்லையைத் தோலுக்கடியில் வைக்கும் முதற்கட்ட ஆய்வு 2013-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களிடம் தொடங்கியது. வில்லைக்குள் வரும் டென்ட்ரிடிக் செல்கள் (எதிரியை மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டுபவை) புற்றுநோயின் அடையாளத்தைக் கற்றுக்கொண்டு நிணநீர்க் கணுக்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். கோவிட் தடுப்பூசியின் எம்ஆர்என்ஏவைச் செல்லுக்குள் கொண்டுசேர்த்த கொழுப்பு நுண்துகளும் மருந்தைச் சுமக்கும் இத்தகைய பொருள்தான்.

ஆனால் உங்கள் தந்தைக்கு நோய் பல இடங்களில் இருக்கிறது. ஓரிடத்தில் செலுத்திய கூழ்மம் மற்ற இடங்களிலும் பலன் தர வேண்டுமானால், அங்கே தூண்டப்பட்ட டி செல்கள் (புற்றுநோய்ச் செல்களைத் தாக்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) நுரையீரல்வரை சென்று போரிட வேண்டும். விலங்குகளில் அது நடந்திருக்கிறது. அதை நம்பி மனிதருக்கான சிகிச்சையை ஒத்திப்போட முடியாது.

இன்று கிடைக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் பழைய இன்டர்லியூகின் போன்றவை அல்ல. டி செல்களின் மீதுள்ள தடையை இவை விடுவிக்கின்றன. பக்கவிளைவு உண்டு, ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்தால் கட்டுப்படுத்தலாம். ஒரு வேண்டுகோள்: வயிற்றுப்போக்கு, புதிய மூச்சிரைப்பு, மஞ்சள் காமாலை, கடும் சோர்வு எது வந்தாலும் அன்றே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே மாத்திரை கொடுக்காதீர்கள். சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்தும் இவை வரலாம்.

கூழ்ம முறையில் மருத்துவ ஆய்வு ஏதேனும் நடக்கிறதா, தந்தை அதற்குத் தகுதியானவரா என்றும் அந்த மருத்துவரிடமே கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒப்புதல் படிவமும் இல்லாமல் அத்தகைய ஊசி போடுவதாக யார் அழைத்தாலும் போகாதீர்கள்.