ஊரடங்கு உத்தரவுகளைச் சந்தேகிப்பது தவறா? அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 188-ஆம் பிரிவில் போட்ட வழக்கு என்ன ஆகும்?

கேள்வி: கொரோனா ஊரடங்கில் அரசு போட்ட கட்டுப்பாடுகள் எல்லாம் சட்டப்படி சரிதானா? இதைக் கேட்டாலே தடுப்பூசி எதிர்ப்பாளர் என்று முத்திரை குத்துகிறார்கள். அந்தச் சமயத்தில் போட்ட வழக்கு இன்னும் உயிரோடு இருக்குமா?

உங்கள் கடைசி வரியைப் பார்த்தால், உங்கள் மேலோ வீட்டில் ஒருவர் மேலோ 2020-ல் ஒரு வழக்கு விழுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பின்பாதியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். கொரோனா பொய் என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசி உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் நோய் உண்மை என்பதாலேயே, நோயின் பெயரால் கையெழுத்தான ஒவ்வொரு உத்தரவும் சரியாகிவிடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் முத்திரை குத்துகிறார்கள்.

2020-ல் இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்படவில்லை. அரசியலமைப்பின் 352-ஆம் பிரிவைத் தொடவே இல்லை. மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், 12 மணிக்கு நாடு பூட்டப்பட்டது. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். அதற்குச் சட்ட அடிப்படையாகக் காட்டியது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 6(2)(ஐ) பிரிவின்படி அறிவுறுத்தியது, உள்துறை அமைச்சகம் 10(2)(எல்) பிரிவின்படி உத்தரவிட்டது. சுனாமிக்கு அடுத்த ஆண்டு வந்த சட்டம் அது. புயல், நிலநடுக்கம் போலச் சில வாரங்களில் தணிந்துவிடும் பேரிடருக்குத்தான் அது பொருந்தும். ஆனால் அதை வைத்து 2022 மார்ச் 31 வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல், உத்தரவுகளை நீட்டித்துக்கொண்டே போனார்கள். அந்த நீட்டிப்புகளில் ஒன்றுகூட நாடாளுமன்ற வாக்கெடுப்புக்கு வர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. பிரிட்டன் 2020-ல் கொண்டுவந்த கொரோனா சட்டத்தில் இரண்டாண்டுக் காலாவதியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்ற மறுஆய்வும் எழுதியே வைத்திருந்தார்கள். இங்கே 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள்.

மாநிலங்கள் கையில் எடுத்தது 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம். பம்பாய் மாகாணத்துப் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் போட்டது. போட்டபோது மொத்தமே நான்கு பிரிவுகள். இரண்டாம் பிரிவு அரசு என்ன வேண்டுமானாலும் விதிக்கலாம் என்கிறது, மூன்றாவது மீறினால் தண்டனை என்கிறது, நான்காவது நல்லெண்ணத்தில் செயல்பட்ட அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. தனிமைப்படுத்தப்பட்டவருக்கு என்ன உரிமை, யாரிடம் முறையிடுவது என்று ஒரு வரி இல்லை. 2020-ல் திருத்தம் கொண்டுவந்து சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்று சேர்த்தார்கள். அது தேவையான திருத்தம்தான். ஆனால் சட்டத்தைத் திறந்த அந்த வேளையிலும் குடிமகனுக்கு ஒரு வரி சேர்க்கவில்லை.

ஆகவே எந்தக் கட்டுப்பாட்டையும் பார்த்தவுடன் தேட வேண்டியவை இவைதான்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, கையெழுத்திட்டவருக்கு அந்தப் பிரிவில் அதிகாரம் உண்டா, எந்தத் தேதி வரை, எங்கே வெளியிடப்பட்டது. செய்தி வெளியீடு வேறு, அரசாணை வேறு. தொலைக்காட்சியில் ஓடும் வரி சட்டமாகாது. தமிழ்நாட்டில் முகக்கவசம் போடாதவருக்கு 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500 ரூபாய் என்ற அபராதங்களுக்கு, 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தித் தெளிவான அடிப்படை கொடுத்ததே 2020 செப்டம்பரில்தான். அதற்கு முன்பே பல மாதங்களாக வசூல் நடந்துகொண்டிருந்தது.

பயணத்துக்கு இணையத்தில் வாங்க வேண்டியிருந்த அனுமதியான இ-பாஸ் இன்னொன்று. மாநிலத்துக்குள்ளும் மாநிலங்களுக்கு இடையிலும் போய்வரத் தனி அனுமதி தேவையில்லை என்று உள்துறை அமைச்சகம் 2020 ஜூலை 29 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மத்திய உள்துறைச் செயலர் மாநிலங்களுக்கு அதை நினைவூட்டிக் கடிதமும் எழுதினார். தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் ஆகஸ்ட் 31 வரை நீடித்தது. அந்த ஒரு மாதத்தில் இறப்புக்கும் பிரசவத்துக்கும் போக முடியாமல் சோதனைச் சாவடியில் நின்றவர்கள் எந்த விதியின்படி நின்றார்கள்?

கேள்வியோடு நேரடித் தொடர்பில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1956 முதல் தமிழ் இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி. ஆனால் ஊரடங்கு அரசாணைகள் ஆங்கிலத்தில், அதுவும் தாளை ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப் ஆக வந்தன. உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது. மீறினால் சிறை என்று சொல்லும் ஆணை, மீறக்கூடாதவனுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டாமா? சட்டம் தெரியாது என்பது சாக்காகாது என்று குடிமகனிடம் சொல்லும் அரசுக்கு, தெரியும்படி எழுதும் கடமை இருக்கிறது.

நீதிமன்றங்கள் முழுக்கக் கைகட்டி நிற்கவில்லை. காசி என்பவரின் வழக்கைப் பாருங்கள். 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கைதானவருக்குப் பிணை கேட்கும் உரிமை உண்டு. ஊரடங்கால் அந்தக் கெடுவும் நீண்டுவிட்டது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஊரடங்கு என்பது நெருக்கடி நிலை அல்ல, காவலில் இருப்பவரின் உரிமை அதனால் நிற்காது என்றது. தீர்ப்பு வந்த தேதி 2020 ஜூன் 19. அதே நாள் மாலைதான் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடையை நேரம் கடந்து திறந்து வைத்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். நான்கு நாளுக்குள் இருவரும் உயிரோடு இல்லை. டெல்லியில் எழுதப்பட்ட உரிமைக்கும் காவல் நிலைய வாசலுக்கும் எவ்வளவு தூரம் என்பது அந்த ஒரே தேதியில் தெரிகிறது.

குஜராத் அரசு தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலையை அனுமதித்து, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி வேண்டாம் என்றது. பெருந்தொற்றைத் தொழிற்சாலைகள் சட்டத்தில் சொல்லப்பட்ட பொது நெருக்கடியாகக் கொள்ள முடியாது என்று 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. ஆரோக்கிய சேது செயலியை எல்லா ஊழியரும் வைத்திருக்க வேண்டும் என்று மே 1-ல் கட்டாயமாக்கிய உள்துறை, மே 17-ல் ‘இயன்றவரை’ என்று இறங்கி வந்தது. 2022 மே 2-ல் ஜேக்கப் புலியேல் வழக்கில், யாருக்கும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, தடுப்பூசி போடாதவர்கள் மேல் மாநிலங்கள் விதித்த தடைகள் அன்றைய நிலையில் அளவுக்கு மீறியவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு அரசின் தடுப்பூசிக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. பாதியை மட்டும் வெட்டிப் பகிர்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், கவனம்.

இனி உங்கள் வழக்கு.

எஃப்ஐஆர் நகலில் இரண்டாவது கட்டத்தைப் பாருங்கள், சட்டமும் பிரிவும் என்று இருக்கும். பெரும்பாலும் இ.த.ச. (அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம்) 188, 269, சிலவற்றில் 270, கூடவே பேரிடர் மேலாண்மைச் சட்டம் 51(பி). அச்சு வைத்தது போல எல்லாருக்கும் இதே வரிசை. 188 என்பது அரசு ஊழியரின் உத்தரவை மீறுவது, மனித உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் அதிகபட்சம் 6 மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 269 கவனக்குறைவால் நோய் பரப்புவது, அதுவும் 6 மாதம். 270 கெட்ட எண்ணத்தோடு பரப்புவது, 2 ஆண்டு. பால் வாங்க வெளியே வந்தவருக்கு 270 போட்டிருந்தால், கெட்ட எண்ணத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும்.

188-க்கு ஒரு பூட்டு உண்டு. அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 195(1)(அ) படி, உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் நடுவர் (மாஜிஸ்திரேட்) வழக்கை எடுக்க முடியும். போலீஸ் குற்றப்பத்திரிகை போதாது. சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் இதை விரிவாக எழுதி, 172 முதல் 188 வரையிலான பிரிவுகளுக்குப் போலீஸ் எஃப்ஐஆரே பதிய முடியாது என்றது. எஃப்ஐஆர் போடலாம், ஆனால் நீதிமன்றம் எடுக்கக் கூடாது என்று சொல்லும் உயர் நீதிமன்றங்களும் உண்டு. எப்படியானாலும் எழுத்துப் புகார் இல்லாத 188 நிற்காது. பேரிடர்ச் சட்டத்திலும் 60-ஆம் பிரிவு இதே போல அரசு அல்லது ஆணையத்தின் புகாரைக் கேட்கிறது.

அடுத்தது காலவரம்பு. ஓராண்டு வரை சிறை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் தாக்கல் ஆக வேண்டும் என்கிறது அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவு. 270 சேர்ந்திருந்தால் அது மூன்றாண்டு. பெருந்தொற்றுக்காக உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 28 வரை காலவரம்புகளை நீட்டித்தது இதற்கும் பொருந்தும் என்று அரசுத் தரப்பு வாதாடினாலும், ஓராண்டுக் கணக்கு 2023 பிப்ரவரியிலும் மூன்றாண்டுக் கணக்கு 2025 பிப்ரவரியிலும் முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்க 473-ஆம் பிரிவு இடம் தருகிறது, ஆனால் காரணம் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டியது தாக்கல் செய்த தேதி, நீதிமன்றம் எண் கொடுத்த தேதி அல்ல. இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

“அதான் 2021 பிப்ரவரியில் முதல்வர் 10 லட்சம் வழக்கும் வாபஸ் என்று அறிவித்தாரே” என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அறிவிப்பு வழக்கை முடிக்காது. நீதிமன்றத்துக்குப் போன வழக்கென்றால் அரசு வழக்கறிஞர் 321-ஆம் பிரிவில் மனுப் போட்டு நடுவர் சம்மதிக்க வேண்டும். விசாரணையில் இருந்ததென்றால் ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று போலீஸ் இறுதி அறிக்கை தர வேண்டும். வன்முறை, போலி ஆவணத்தில் இ-பாஸ் வாங்கியது போன்றவை அந்த அறிவிப்பிலேயே சேரவில்லை.

ஆகவே தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்ஐஆர் நகலை எடுங்கள். நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையம், எஃப்ஐஆர் எண், ஆண்டு கொடுத்துத் தேடுங்கள். எதுவும் வராவிட்டால் மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு அனுப்புங்கள். இறுதி அறிக்கை தாக்கல் ஆனதா, எந்தத் தேதி, எந்த நீதிமன்றம், கைவிடப்பட்டிருந்தால் அந்த அறிவிப்பின் நகல் ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வழக்கு நீதிமன்றத்தில் கிடந்தால், 195-ஐயும் 468-ஐயும் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போடலாம். அதற்கான பிரிவு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 528. சீக்கிரம் முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடாதீர்கள். அது தண்டனைப் பதிவு. ஏற்கெனவே கட்டியிருந்தால், அரசு வேலை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், மறைப்பதுதான் வேலைக்கு உலை வைக்கும்.

பாஸ்போர்ட்டுக்காக இதைக் கேட்கிறீர்கள் என்றால், சட்டம் தடையாகச் சொல்வது குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கை. நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாத வெறும் எஃப்ஐஆர் அந்தக் கணக்கில் வராது. போலீஸ் சரிபார்ப்புக்கு வருபவர் இதை மறுத்தால், தகவல் உரிமை பதிலின் நகலை அவர் கையில் கொடுங்கள்.