ஊர்ல இருந்து சென்னை ஃப்ளாட்டுக்கு வர்றீங்களா? கேளுங்க, சொல்றேன்

நான் மதுரைல இருந்து 2012ல குடும்பத்தோட இங்க வந்தவ. மூணு வாடகை ஃப்ளாட் மாறியாச்சு, இப்ப வேளச்சேரி பக்கம். ஆறு வருஷமா எங்க அசோசியேஷன் கணக்கு வழக்கு என் தலைலதான். தெரிஞ்சதச் சொல்றேன்.

கேள்வி: அக்கா, வீடு பாக்கப் போனா மொதல்ல என்ன பாக்கணும்? ரெண்டு பசங்க, ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) வேலை.

பதில்: தண்ணி. ஹால் எவ்ளோ பெருசு, பால்கனி இருக்கா எல்லாம் அப்புறம். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) லைன் இருக்கா, போர் தண்ணி உப்பா, டேங்கர் வாங்குறாங்களா, வாங்கினா மெயின்டனன்ஸ்குள்ள வருமா தனியாவான்னு கேளுங்க. ஓஎம்ஆர் பக்கம் நிறைய அபார்ட்மென்ட் டேங்கர நம்பித்தான் ஓடுது. புரோக்கர் எல்லாத்துக்கும் "ஃபுல் வாட்டர் சார்"னுதான் சொல்வாரு, அவர விட்டுட்டு வாட்ச்மேன்கிட்ட பேச்சு குடுங்க, "சித்திரை வைகாசில நாளைக்கு எத்தனை லாரி வருது"ன்னு சும்மா கேக்குற மாதிரி கேட்டா மனுஷன் உண்மையச் சொல்லிடுவாரு. பாத்ரூம் குழாயப் பாருங்க, வெள்ளையா உப்பு படிஞ்சிருந்தா ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும், தலைமுடியும் கூடவே போகும். 2019ல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு ஏரி நாலும் வறண்டு ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அந்த வருஷம் எங்க பில்டிங்ல காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்தான். அதுக்கப்புறம் சம்ப் (தரைக்குக் கீழ இருக்குற தண்ணித் தொட்டி) சைஸ் கேக்காம நான் எந்த வீட்டையும் பாக்குறதில்ல.

கேள்வி: மாமியாருக்கு முட்டி வலி, கிரவுண்ட் ஃப்ளோர் எடுக்கலாமா?

பதில்: ஏரியாவப் பொறுத்ததும்மா. 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, கீழ் வீட்டுக்காரங்க பீரோவோட எல்லாத்தையும் விட்டுட்டு மாடிக்கு ஓடி வந்தாங்க. 2023ல மிக்ஜாம் புயலுக்கும் அதே கதைதான். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் மாதிரி இடம்னா முதல் மாடியோ ரெண்டாவதோ லிஃப்டோட பாருங்க, ஜெனரேட்டர்ல லிஃப்ட் ஓடுமான்னும் கேளுங்க, சில எடத்துல காமன் லைட் மட்டும்தான் எரியும். பக்கத்துக் கடைல "2015ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு"ன்னு கேட்டா செவுத்துல கைய வச்சே காட்டுவாங்க.

கேள்வி: ஓனர் 10 மாச அட்வான்ஸ் கேக்குறாரு, சரியா?

பதில்: பழக்கம் அப்படித்தான் இருந்துச்சு. 2017ல போட்டு 2019ல அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைன்னு சொல்லுது, ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்புக்கிட்டா அது செல்லும், அந்த ஓட்டை வழியாத்தான் எல்லாரும் பூந்து போறாங்க. நீங்க அஞ்சு, ஆறுன்னு இறக்கிப் பேசுங்க, பணத்த பேங்க் வழியா மட்டும் குடுங்க. காலி பண்றப்ப பெயிண்டிங்னு ஒரு மாச வாடகையப் பிடிப்பாங்க, அத அக்ரிமென்ட்லயே எழுதச் சொல்லுங்க. எங்க ரெண்டாவது ஓனர் ஆணி அடிச்ச ஓட்டைக்கெல்லாம் தனித்தனியா கணக்கு போட்டாரு! குடி வர்ற அன்னைக்கே ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல ஓனருக்கு அனுப்பிடுங்க.

கேள்வி: கரண்ட் பில் ஓனர்கிட்டயே கட்டணுமாம், யூனிட்டுக்கு ஒரே ரேட்டாம்.

பதில்: வேண்டாம். தனி ஈபி கார்டு இருக்குற வீடா பாருங்க. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஓனர் தன் கனெக்‌ஷன்ல இருந்து வச்சுக் குடுக்குற சப் மீட்டர்னா அந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராது. இன்னொன்னு, 500 யூனிட்டத் தாண்டினா 101ல இருந்தே ரேட்டு ஏறிடும், ஏசி போடுறவங்க மீட்டர ஒரு கண்ணு பாத்துக்கோங்க.

கேள்வி: கேஸ், ஸ்கூல், சாமான் கொண்டு வர்ற லாரி?

பதில்: கேஸ்னா பழைய ஏஜென்சில சிலிண்டர், ரெகுலேட்டர் ஒப்படைச்சு டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிக்கோங்க. ஸ்கூல் அட்மிஷன் உறுதி ஆகாம வீட்டுக்கு டோக்கன் (முன்பணம்) குடுக்காதீங்க, தினம் ஒன்றரை மணி நேரம் வேன்ல போற புள்ள என்னத்த படிக்கும். லாரிக்கு முந்தின நாளே அசோசியேஷன்ல சொல்லிடுங்க, பல எடத்துல ஞாயித்துக்கிழமை சாமான் ஏத்த இறக்க விட மாட்டாங்க, லிஃப்ட்ல பீரோ ஏத்தவும் விட மாட்டாங்க.

கேள்வி: மொட்டை மாடில வத்தல் வடாம் காயப் போடலாமா அக்கா?

பதில்: எங்க பில்டிங்ல போடலாம், நான்தானே சாவி வச்சிருக்கேன் :) உங்களுதுல கேட்டுட்டுப் போடுங்க.

கேள்வி: ஆடி மாசம் வருதே, வீடு தேடலாமா?

பதில்: தேடுறதுக்கு அதுதாம்மா நல்ல மாசம். யாரும் குடி போக மாட்டாங்க, வீடு சும்மா பூட்டிக் கிடக்கும், ஓனரும் கொஞ்சம் இறங்கி வருவாரு. மழை பெஞ்சா அன்னைக்கே போய் சுவர்ல ஓதம் அடிக்குதான்னு பாத்துட்டு, டோக்கன் குடுத்துட்டு, வாடகை ஆவணி ஒண்ணுல இருந்துன்னு பேசுங்க. நாங்க இப்ப இருக்குற வீட்ட அப்படித்தான் பிடிச்சோம், ஆவணி முதல் வாரம் பால் காய்ச்சினோம்.