விமானம் இழுத்துப் போகும்போது இன்ஜின் இல்லாத கிளைடர் பின்னால் இடம் வலமாக ஆடுவது ஏன்?

நாகர்கோவிலில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். தாமதமாகவும் அளவுக்கு மீறியும் திருத்துவதால்தான் பெரும்பாலும் ஆடுகிறது. விலகிவிட்டால் பதறி ஸ்டிக்கை (கிளைடரைத் திருப்பும் கைப்பிடியை) இழுக்காதீர்கள். உங்கள் இறக்கையை முன்னால் போகும் விமானத்தின் இறக்கைக்கு இணையாக வையுங்கள். இரண்டையும் இணைக்கும் சுமார் 50, 60 மீட்டர் கயிறே மெல்ல நடுவுக்குக் கொண்டுவரும். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் அடிக்கிற மாதிரிக் காற்றில் புதியவர் பறக்கவே வேண்டாம்.

உண்மையான ஆபத்து மேலே ஏறிவிடுவதுதான். ஓடுபாதையில் கிளைடர்தான் முதலில் எழும்பும். ஓராள் உயரத்திலேயே பிடித்து வையுங்கள். அதிகம் ஏறினால் கயிறு இழுவை விமானத்தின் வாலைத் தூக்கி மூக்கைத் தரைப்பக்கம் சாய்த்துவிடும். அந்த விமானிக்குத் தப்ப நேரம் இருக்காது. முன்னால் இருக்கும் விமானம் கண்ணுக்கு மறைந்ததா? யோசிக்காமல் மஞ்சள் குமிழை இழுத்துக் கயிற்றை விடுங்கள். இடது கை அதன் பக்கத்திலேயே இருக்கட்டும்.