எட்டு சதவீதத்துக்கு ஒன்றரை லட்சமா?

கேள்வி: பிளைவுட், எபாக்ஸி பசையில் 30 அடி பாய்மரப் படகு ஒன்றைச் சொந்தமாகக் கட்டப் போகிறேன். எடை மூன்றரை டன், நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் படகின் நீளம்) 25 அடி, அடியில் கீல் (நீருக்குள் இறங்கி நிற்கும் துடுப்பு போன்ற பகுதி) உண்டு. சி.எஃப்.டி. முறையில், அதாவது நீரின் ஓட்டத்தைக் கணக்கிடும் முறையில், கணினியில் ஓட்டிப் பார்த்த ஆலோசகர் ஒருவர், முகப்பின் வடிவத்தை மாற்றினால் நீரின் தடை 8 சதவீதம் குறையும் என்கிறார். முழு அறிக்கைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

தடை 8 சதவீதம் குறைந்தால் வேகமும் அவ்வளவு கூடும் என்று நினைத்திருப்பீர்கள். கூடாது. வேக வரம்புக்கு ஒரு கட்டைக் கணக்கு உண்டு: நீர்க்கோட்டு நீளமான 25-இன் வர்க்கமூலம் 5, அதை 1.34-ஆல் பெருக்கினால் 6.7. உங்கள் படகின் வேக வரம்பு ஏறக்குறைய அத்தனை நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்). அதை நெருங்க நெருங்க, படகு தானே எழுப்பிய அலைக்குள் சிக்கிக்கொள்ளும், தடை செங்குத்தாக ஏறும். அங்கே 8 சதவீதம் குறைத்தாலும் கிடைப்பது சுமார் பத்தில் ஒரு நாட்தான். அடியில் பாசியும் கொட்டலசும் பிடித்தால் அதுவும் போய்விடும்.

அந்த 8 எந்த நிலையில் வந்தது என்று கேட்டீர்களா? பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும் படகில், அதிலும் பாதியை மட்டும் கணினியில் ஓட்டி, மறுபாதியும் அப்படியே என்று எடுத்துக்கொள்வார்கள். செலவு மிச்சம். மோட்டார் படகுக்கு அது போதும். பாய்மரப் படகோ எதிர்காற்றில் 20 டிகிரி சாய்ந்து, பக்கவாட்டில் சில டிகிரி நழுவிக்கொண்டே போகிறது. சாய்ந்ததும் நீருக்குள் இருக்கும் வடிவமே வேறு. கீல் இறக்கையாக வேலை செய்யத் தொடங்கும், அதற்கான தடை தனியாகச் சேரும். சாய்வுக் கோணமும் நழுவல் கோணமும் இல்லாத அறிக்கை உங்கள் படகைப் பற்றியதே அல்ல.

இன்னொன்று. கணினி நீரை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாக வெட்டிக் கணக்கிடுகிறது. கட்டங்களைப் பொடிதாக்கி மறுபடி ஓட்டினால் விடை சில சதவீதம் நகர்வது சகஜம். பழைய முகப்பு, புதிய முகப்பு இரண்டையும் ஒரே மாதிரி கட்டங்களில், மூன்று அளவுகளில் ஓட்டினார்களா என்று பாருங்கள்.

இந்தத் தொழிலிலும் தரகர்கள் புகுந்துவிட்டார்கள். ஓபன்ஃபோம் என்பது இந்தக் கணக்குக்கான இலவச மென்பொருள், தெரிந்தவர் கையில் அருமையானது. ஆனால் அதோடு வரும் பயிற்சிக் கோப்பை எடுத்து, வடிவத்தை மட்டும் மாற்றிவிட்டு, 60 பக்கம் வண்ணப் படம் அச்சடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோப்பில் இருப்பது ஒரு கன்டெய்னர் கப்பல்! அலுவலகக் கோப்பில் சேர்க்க ‘சி.எஃப்.டி. அறிக்கை’ கேட்கும் அதிகாரிகளாவது அதைப் பிரித்துப் படிக்கிறார்களா என்றால், நான் பார்த்ததில்லை. முத்திரை இருந்தால் சரி.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1970-களிலிருந்து 50-க்கும் மேற்பட்ட பாய்மரப் படகு மாதிரிகளைத் தொட்டியில் இழுத்து அளந்து, அளவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. அவற்றில் உங்கள் படகுக்கு நெருக்கமான ஒன்றை முதலில் கணினியில் ஓட்டிக் காட்ட ஆலோசகரிடம் சொல்லுங்கள். அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

ஒரு விலக்கு உண்டு. எடை குறைந்த, அடி தட்டையான, பின்காற்றில் நீரின் மேல் சறுக்கிப் பாயும் பந்தயப் படகுக்கு அந்த வேக வரம்பு பொருந்தாது. அங்கே வடிவத்தைச் செதுக்குவதில் நிஜமான லாபம் இருக்கிறது. கணினி ஏமாறுவதும் அங்கேதான் அதிகம். முகப்பு நீரைத் தொடும் இடத்தில் கட்டங்களுக்குள் கலந்துபோன காற்றும் நீரும் அடிப்பக்கமாக நழுவி, உண்மையில் இல்லாத காற்றுப் படலத்தைக் கணக்கில் உண்டாக்கிவிடும். நீருக்குப் பதில் காற்று உரசினால் தடை எங்கிருந்து வரும்? அடிப்பகுதியில் நீரின் பங்கைக் காட்டும் படத்தைக் கேட்டால் தெரிந்துவிடும். முழுக்க 1 என்றிருக்க வேண்டிய இடத்தில் 0.8, 0.7 என்று திட்டுத்திட்டாக இருந்தால் உராய்வு குறைவாகக் கணக்காகியிருக்கிறது. மூன்றரை டன் படகு இந்த ரகம் அல்ல. ஆனால் உங்களிடம் மாற்றச் சொன்னது முகப்பைத்தானே? புதிய முகப்பு தண்ணீரில் அதிகம் படுத்தபடி இறங்கினால் அந்த 8 சதவீதமே இப்படி வந்ததாக இருக்கலாம். படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால், அறிக்கையோடு கணினியில் ஓட்டிய மூலக் கோப்புகளையும் கேளுங்கள். தர மறுத்தால் மீதியைக் கொடுக்காதீர்கள்.