சாதி நாய்க்குட்டி வாங்க முன்: கொழும்புக்காரரின் கேள்விகளும் பதில்களும்

நாய்க்குட்டி வாங்குவது பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருந்தன, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் கூடுதலாகப் பழகியது ஜேர்மன் ஷெப்பர்டோடு. இருந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி எந்த இனத்துக்கும் பொருந்தும்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, நாங்கள் தொடர்மாடியில் ஐந்தாம் மாடி. பிள்ளைகள் ஹஸ்கி வேண்டும் என்று பிடிவாதம், கணவர் பக் போதும் என்கிறார். எது நல்லது?

இரண்டுமே வேண்டாம் தங்கச்சி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், கொழும்புக் காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்திருப்பதால் அந்த மூச்சிரைப்பும் இங்கே சரியாக உதவாது. ஹஸ்கி சைபீரியக் குளிரில் வண்டி இழுக்க உருவான நாய், ஏசி அறையில் வைத்தாலும் அதற்கு வேண்டிய ஓட்டத்தை எங்கே கொடுப்பீர்கள்? பக்கின் முகம் சப்பை, மூச்சு போகிற வழியே குறுகலானது, ஏப்ரல் வெயிலில் பின்னேரம் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனாலே வெப்ப அதிர்ச்சி வந்து உயிர் போகலாம். பிரெஞ்ச் புல்டோக்கும் அப்படித்தான். மயிர் குட்டையாக, மூக்கு நீளமாக உள்ள சின்ன நாய் பாருங்கள், மினியேச்சர் பின்ஷர் மாதிரி. டாக்ஸ்ஹுண்டும் நல்ல நாய்தான், ஆனால் அதற்கு முதுகெலும்பில் வட்டு விலகும் நோய் அதிகம், படி ஏறி இறங்கவும் சோபாவிலிருந்து குதிக்கவும் விடக்கூடாது. எதற்கும் முதலில் உங்கள் தொடர்மாடி நிர்வாகம் நாய்க்கு அனுமதிக்குமா என்று கேளுங்கள்.

தெஹிவளையிலிருந்து: விளம்பரத்தில் லாப்ரடோர் குட்டிகள் பார்த்தேன். ஐந்து வாரமாம். இன்றைக்கே முற்பணம் போட்டால் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். காசும் போட வேண்டாம். குட்டி எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவைகளோடும் இருக்கவேண்டும், எவ்வளவு பலமாகக் கடித்தால் மற்றதுக்கு நோகும் என்பதை அது அங்கேதான் படிக்கிறது, ஐந்து வாரத்தில் பிரித்த குட்டி உங்கள் பிள்ளைகளின் கையில் அதைப் படிக்கும். பஸ் நிலையத்தில் கைமாற்றுகிறவர் தன் வீட்டை நீங்கள் பார்ப்பதை விரும்பவில்லை.

நல்ல பிரீடரை, அதாவது சாதி நாய் வளர்த்துக் குட்டி விற்பவரை, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்ட எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். வீட்டுக்குப் போங்கள். தாயைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். தகப்பன் அங்கே இல்லாமல் இருக்கலாம், வேறொருவரின் கடுவனோடு சேர்த்திருப்பார்கள், அதில் பிழையில்லை, ஆனால் தாய் இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பால் கொடுக்கிற பெட்டை மெலிந்து, மயிர் கொட்டித்தான் இருக்கும், அதைக் குறையாக எடுக்காதீர்கள். பார்க்கவேண்டியது அதன் குணம். வளர்த்தவர் பக்கத்தில் நிற்கும்போதும் ஆள் வந்ததும் மூலைக்குள் ஒடுங்குகிற, அல்லது சீறிப் பாய்கிற பெட்டை என்றால் யோசியுங்கள், பயந்த சுபாவம் குட்டிக்கும் இறங்கும். பெட்டைக்கு எத்தனை வயது, கடைசி ஈற்று எப்போது என்றும் கேளுங்கள். பெட்டை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், ஒவ்வொரு முறையும் சேர்த்துக் குட்டி எடுக்கிறவர் அதைக் காசு மெஷினாக வைத்திருக்கிறார். ஐந்தாறு இனம் ஒரே வளவில் விற்பவரையும் நான் நம்புவதில்லை.

பூச்சி மருந்து எப்போதெல்லாம் கொடுத்தார்கள், முதல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மிருக வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும் இருக்கவேண்டும், வெறும் பேனாவால் எழுதிய திகதி போதாது. ஒரே நாளில் இரண்டு மூன்று இடத்துக்குப் போய்ப் பார்க்கவும் வேண்டாம், குட்டிகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைத்துக் கொல்லுகிற பார்வோ கிருமி உங்கள் செருப்பிலேயே அடுத்த வீட்டுக் குட்டிகளுக்குப் போய்விடும்.

எல்லாவற்றையும் விட, அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா என்று கவனியுங்கள். பகலில் வீட்டில் யார், மதில் இருக்கிறதா, முன்பு வளர்த்த நாய்க்கு என்ன நடந்தது என்று துருவுகிறவர், அடுத்த ஈற்று வரும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்கிறவர், அவரிடம் வாங்குங்கள். அழுக்குக் கூட்டில் நோஞ்சான் குட்டியைப் பார்த்து "பாவம், எடுத்துக்கொண்டு போவோம்" என்று தோன்றும். எனக்கும் நெஞ்சு பதறும். ஆனால் நீங்கள் கொடுக்கிற காசில்தான் அதே பெட்டையை மறுபடியும் சினைக்கு விடுவார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: பேப்பர் உள்ள குட்டிக்குக் கூடிய விலை, இல்லாததற்குக் குறைந்த விலை என்கிறார்கள். பேப்பர் அவசியமா?

இலங்கை கென்னல் சங்கம் கொடுக்கிற வம்சாவளிப் பத்திரம் குட்டியின் தாய் தகப்பன், பாட்டன் பாட்டி யார் என்று காட்டும். சுகமான குட்டி என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள், நெருங்கிய உறவுக்குள் சேர்த்திருந்தால் நோய்களும் சேர்ந்து வரும். "பேப்பர் பிறகு வரும்" என்றால் பேப்பர் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வத்தளையிலிருந்து: ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டி, இரண்டு மாதம். இடுப்பு நல்லது என்று டொக்டர் பார்த்துச் சொன்னாராம். போதுமா அண்ணா?

போதாது தம்பி. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் நொண்டவைக்கிற பரம்பரை நோய் வரும். இரண்டு மாதக் குட்டியின் இடுப்பு மூட்டைக் கையால் பார்த்து யாரும் உத்தரவாதம் தரமுடியாது. தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்றேயைக் கேளுங்கள், அதுவும் குறைந்தது ஒரு வயதுக்குப் பிறகு எடுத்ததாக இருக்கவேண்டும், சில நாடுகளில் இரண்டு வயதுக்குப் பிறகுதான் முடிவான சான்றிதழே கொடுக்கிறார்கள். லாப்ரடோர், ரொட்வைலர் வாங்குகிறவர்களும் இதைக் கேளுங்கள். பெற்றோர் நல்லபடி இருந்தாலும் குட்டிக்கு வராது என்றில்லை, ஆபத்து குறையும், அவ்வளவுதான். குட்டியைக் கொழுக்க விடாதீர்கள், வழுக்குகிற டைல்ஸில் ஓட விடாதீர்கள்.

மட்டக்குளியிலிருந்து: போன மாதம் எங்கள் குட்டி பார்வோவில் செத்துவிட்டது. பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறாள். உடனே இன்னொன்று வாங்கலாமா?

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அக்கா. ஆனால் உடனே குட்டி வேண்டாம். அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். வாசனையாகக் கழுவுகிற திரவங்கள் பலவற்றுக்கு அது சாகாது. முதலில் அழுக்குப் போகக் கழுவி, பிறகு ஒரு பங்கு குளோரின் ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மண் முற்றத்தை அப்படிக் கழுவ முடியாது. அதனால் தடுப்பூசி எல்லாம் போட்டு முடித்த, நாலைந்து மாதம் கடந்த நாயாகப் பாருங்கள்.

பொரளையிலிருந்து: தெருவில் இத்தனை குட்டிகள் கிடக்க ஏன் காசு கொடுத்துச் சாதி நாய்?

நியாயமான கேள்வி. ஒரு இனத்தின் குணம் உங்களுக்குக் கட்டாயம் தேவை என்றில்லாவிட்டால் நம்மூர் நாயை எடுங்கள், இந்த வெக்கைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. விசர்நாய்த் தடுப்பூசியும் மாநகர சபைப் பதிவும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பம்பலப்பிட்டியிலிருந்து: இரண்டு வருடத்தில் கனடா போகக்கூடும் என்று சொன்னதற்கு ஒரு பிரீடர் குட்டி தரமாட்டேன் என்றுவிட்டார். இது என்ன நியாயம்?

அவர் செய்தது சரி. விசா வந்ததும் வளர்த்த நாயைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டுப் போன குடும்பங்களை நம் ஆட்களிடையே நிறையப் பார்த்திருக்கிறோம். கூட்டிப்போகத்தான் போகிறீர்கள் என்றால் திரும்பவும் அவரிடம் போய் அதைச் சொல்லுங்கள், விசர்நாய்த் தடுப்பூசிச் சான்றிதழ், விமானக் கூடு, டிக்கெட் எல்லாம் விசாரித்துவிட்டுப் போங்கள். சப்பை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை என்பதையும் மனதில் வைத்து இனத்தைத் தெரிவு செய்யுங்கள். விசா எப்போது வரும் என்று தெரியாமல் இருந்தால் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வாங்குங்கள்.